ஊசிக்கு மறுநாள்

பெரும்பாறை,
2.10.2005

அன்புள்ள அக்காவுக்கு,

பிரியா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா? ஆடியில் நீ போட்ட கடிதத்துக்குப் புரட்டாசியில் பதில் எழுதுகிறாளே என்று திட்டாதே. எழில் தூங்கினால் துணி கிடக்கிறது. துணியை எடுத்தால் அவள் எழுந்துவிடுகிறாள். போன் பேசலாமென்றால் பஸ் நிற்கும் மேடு வரை ஏறினால்தான் சிக்னல். அங்கே நின்று கத்தினால் நம் கதை முழுக்க டீக்கடைக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு ஆறு மாத வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. மதுரையிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வந்திருக்கிறது. தலைவர் டாக்டர் சௌம்யா, பழனிக்காரர், பஞ்சாமிர்தக் கடை வீட்டுப் பெண். காலேஜ் படித்தவளாகவும் இருக்க வேண்டும், தோட்டத்து லய வீட்டுப் பேச்சும் தெரிந்திருக்க வேண்டும் என்று தேடி என்னை எடுத்தார்கள். எழிலை இடுப்பில் வைத்துக்கொண்டே வரலாம் என்று சொல்லிவிட்டார்.

என்ன ஆராய்ச்சி மேடம் என்று கேட்டேன். "ஊசி நல்லதா கெட்டதான்னு பாக்குற ஆராய்ச்சி எப்பவோ முடிஞ்சிருச்சு பிரியா. ஊசி நல்லதுதான். காசும் இல்ல. புதன்கிழமை ஆனா நர்ஸும் வந்துர்றாங்க. அப்புறமும் இந்த மலையில பத்துப் புள்ளையில நாலு புள்ளைக்கு ஏன் போய்ச் சேரல? அதைத்தான் பாக்கப்போறோம். எல்லாருக்கும் மருத்துவம்னு எத்தனையோ நாட்டுல எழுதி வச்சுட்டாங்க. கடைசி மேடு ஏறுறப்பதான் அதுக்கு மூச்சு வாங்குது" என்றார்.

பழகுவதற்காக முதல் படிவத்தை அவரவர் வீட்டுக்கே நிரப்பச் சொன்னார்கள். நானும் எழிலுக்கு நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார் மேடம்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஆடியில் எழிலுக்கு இரண்டாவது முத்தடுப்பு ஊசி போட்டார்கள். மறுநாள் காய்ச்சல் கொதித்தது. மத்தியானம் கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு அழுதாள், பால் குடித்தாள், தூங்கிவிட்டாள். எழிலின் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போயிருந்தார். இன்று வரை அவரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். நான்தான் அவள் தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் பிரியமுள்ள,
சத்தியபிரியா


கோத்தகிரி,
16.10.2005

என் செல்லத் தங்கச்சிக்கு,

மகாராணி அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். என் முட்டு என்னோடு கோபித்துக்கொண்டு கெடக்கு. அத்தான் இருமுகிறார், பீடியும் குடிக்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிற வித்தையை எங்கே படித்தாரோ.

வேலை கிடைத்தது சந்தோஷம். பிள்ளைக்கு இழுத்தது என்பதை மூன்று தடவை படித்தேன். இத்தனை நாள் அதைத் தனியாகவா வைத்துக்கொண்டு திரிந்தாய்? டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறாரே, ஒரு வார்த்தை கேள். மூன்றாவது ஊசி ஆவணியிலேயே வந்திருக்குமே, போட்டாச்சா?

இங்கே பிள்ளை மடுவத்தில் நான் பார்த்துக்கொள்ள இப்போது இருபத்து மூன்று பிள்ளைகள். காலையில் பெரட்டுக்கு ஆள் எண்ணுவதற்குள் தாய்மார் ஓடிவந்து என் மடியில் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க ஓடுவார்கள். எல்லாப் பிள்ளையையும் எடுத்துக்கொள்வேன். காய்ச்சல் பிள்ளையை மட்டும் வாசப்படி ஏற்ற மாட்டேன். போன வாரம் ஒருத்தி, "இது ஊசி போட்ட காய்ச்சல் அக்கா, ஒட்டாது" என்று கெஞ்சினாள். "ஊசிக் காய்ச்சல்னு அதோட நெத்தியில எழுதியா ஒட்டிக்கெடக்கு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். இருபத்து மூன்றுக்கும் பரவினால் யார் பொறுப்பு?

எழிலுக்கு என் முத்தம், வலது கன்னத்தில் ஒன்று, இடதில் ஒன்று. உனக்கு ஒரு கொட்டு.

அக்கா மகாராணி


பெரும்பாறை,
20.11.2005

அன்பு அக்காவுக்கு,

சுகம், உங்கள் சுகம் அறிய ஆசை. கொட்டு வந்து சேர்ந்தது, வலிக்கிறது. மறுபடியும் தாமதம்தான். மழையில் ரோடு சரிந்து ஒன்பது நாள் பஸ் இல்லை. தபால்காரரையும் காணோம். எழிலுக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. என் தோளைக் கடித்துத்தான் அதைத் தீட்டிக்கொள்கிறாள்.

ஊசி விட்டுப்போன வீடுகளில் நாற்பது முடித்துவிட்டேன். நர்ஸம்மாதான் கூடவே வந்து வீடு காட்டுகிறார். ஊசிக்கு ஏன் வரவில்லை என்பது பதினான்காவது கேள்வி. தூரம், வேலை, பயம், மறதி என்று கட்டங்கள் இருக்கின்றன. பதிலை டிக் செய்ய வேண்டும். அக்கா, நாற்பதில் முப்பத்தொரு பேர் மறதி! "மறந்துபோச்சுங்க" என்று தலையைச் சொறிகிறார்கள். நர்ஸம்மா, "சோறு திங்க மறந்தீங்களா?" என்று ஒரு அதட்டுப் போடுவார். சிரிப்பார்கள். அவ்வளவுதான்.

அதனால் வீட்டுக்கு வீடு காலண்டர் கொடுக்கப்போகிறார்கள். பழனி முருகன் படம், புதன்கிழமைகளில் சிவப்பு வட்டம். மாதிரி அச்சாகி வந்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் அறிக்கை போகிறது. இதே ஆய்வு வேறு சில நாடுகளிலும் நடக்கிறதாம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். நம் லயம் அதில் ஒரு வரியாவது வரும், நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

அத்தானுக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடு. பீடியை ஒளித்து வை.

பிரியா


கோத்தகிரி,
4.12.2005

பிரியாக் கண்ணுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், பனி மட்டும் எலும்புக்குள் இறங்குகிறது.

உன் ஆராய்ச்சியைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அடியே காலேஜ்காரி, முப்பத்தொரு பேருக்கும் பெத்த பிள்ளை மறந்துபோச்சா? சம்பளத் தேதி எவளுக்காவது மறந்ததா, கேட்டுப் பார்த்தாயா? லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்குச் சொல்கிறாய். நாங்கள் கங்காணியிடம் என்ன சொல்வோம்? மறந்துபோச்சு என்றால் ஒரு திட்டோடு போயிரும். பயம் என்றால் உட்கார வைத்துப் பாடம் நடத்துவான். வேலை என்றால் யார் தோட்டம், எந்த மேஸ்திரி என்று தோண்டுவான். அதனால் மறதிதான் எப்போதும் நல்லது. முருகன் காலண்டர் கொடுத்தால் அதையும் கும்பிட்டுச் சுவரில் மாட்டுவார்கள்.

படிவத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போய்க் கதைத்துப் பார். நர்ஸம்மாவையும் கூட்டிக்கொண்டு போகாதே.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ பல் கதை எழுதியிருக்கிறாய். பல் சந்தோஷம். ஊசி?

அக்கா


பெரும்பாறை,
18.12.2005

அன்பு அக்காவுக்கு,

நலம். நீ சொன்னபடி செய்தேன். வியாழக்கிழமை படிவம் இல்லாமல், எழிலை முதுகில் கட்டிக்கொண்டு, வேலுத்தாய் காப்பிப் பழம் பறிக்கும் இடத்துக்கே போய்விட்டேன். அவளுடைய மகனுக்கு முதல் ஊசியோடு சரி. அவளும் எனக்கு 'மறதி' என்றுதான் சொல்லியிருந்தாள். பேசாமல் அவள் கூடையில் கொஞ்சம் பழம் பறித்துப் போட்டேன்.

"பச்சையும் சேத்து உருவுறீங்களே தாயி. கங்காணி பொன்னுச்சாமி பாத்தா என்னைய உருவிருவாரு" என்று சிரித்தாள்.

"நெசமாவே மறந்துட்டியா வேலுத்தாயி?"

அக்கம்பக்கம் பார்த்தாள். "எங்கிட்டு மறக்க? ஊசி போடுறது ஒரு சோலியே இல்ல. புதன்கெழம அரைநா லீவு சொல்லி வெரசா வந்துருவேன். மறுநாதான் வில்லங்கம். புள்ள காய்ச்சல்ல அனலாக் கெடக்கும். மடுவத்துல சேக்க மாட்டாக. வியாழக்கெழமையும் நின்னுட்டா ரெண்டு நா ஆயிரும். ரெண்டு நா நின்னா நிரை போயிரும்."

அவளுக்கென்று விட்ட வரிசைதான் நிரை. அவளுடையது ரோட்டோரம் சமதளத்தில் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் அதை இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். திரும்பி வந்தால் அட்டை கடிக்கிற பள்ளத்தில் விடுவார்கள். பருவம் முடியும்வரை அங்கேதான்.

"மொத ஊசிக்கே என் நிரை போச்சு. இதைத் திரும்ப வாங்க அடுத்த பருவம் வரைக்கும் ஆச்சு" என்றாள்.

அக்கா, நாங்கள் எல்லாரிடமும் ஊசி நாளைப் பற்றியே கேட்டிருக்கிறோம். ஒருத்தரிடமும் மறுநாளைப் பற்றிக் கேட்கவில்லை! நீ மடுவ வாசலில் ஒருத்தியைத் திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தாயே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். யோசித்தார். "நல்ல விஷயம் பிரியா. ஆனா ஒரு அம்மா சொன்னது. முப்பத்தொரு ஃபார்ம் வேற சொல்லுது. இன்னொருத்தராவது சொல்லட்டும், பார்ப்போம்" என்றார். நர்ஸம்மா கூட வரும்போது வேறு யார் சொல்வார்கள்? வேலுத்தாயே சொல்ல மாட்டாள்.

எழில் குப்புற விழுந்து தவழப் பார்க்கிறாள். முன்னால் வராமல் பின்னால் போகிறாள்.

பிரியா


பெரும்பாறை,
8.1.2006

அக்கா,

நாங்கள் சுகம். நீ சுகமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எப்போதும் தாமதிக்கிறவள் நான்தானே, நீ இப்படி இருக்க மாட்டாயே. முட்டு அதிகமாகிவிட்டதா? நான் ஏதும் மனம் நோக எழுதிவிட்டேனா? மடுவ வாசல் பற்றி எழுதியது உன்னைக் குற்றம் சொல்ல இல்லை.

பொங்கல் கழிந்து பத்து நாளில் அறிக்கை போகிறது. காலண்டர் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருக்கிறது. இன்னொருத்தி, இன்னொருத்தி என்று மேடம் சொன்னது காதிலேயே நிற்கிறது.

ஒரு கார்டாவது போடு.

பிரியா


கோத்தகிரி,
17.1.2006

தங்கச்சிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தானும் சுகம். பொங்கல் வைத்தோம், பொங்கியது.

எழுத முடியவில்லை. புரட்டாசியில் ஊசிக் காய்ச்சலோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினேன் என்று எழுதினேனே, அந்தப் பிள்ளைக்கு மார்கழியில், அந்த ஊசி தடுக்கிற கக்குவான் இருமலே வந்துவிட்டது. இருமி இருமி முகம் நீலம் பாய்ந்து, ஊட்டி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். நானும் தாயோடு மாறி மாறி இருந்தேன். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டேன், ஏன் அடுத்த ஊசிக்குப் போகவில்லை என்று. "மறந்துட்டேன் அக்கா" என்றாள் அவள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உன் முப்பத்தொரு பேரைப் பார்த்துச் சிரித்தவள் நான். முப்பத்திரண்டாவது ஆள் என் வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

நீ மனம் நோக ஒன்றும் எழுதவில்லை. சரியாகத்தான் எழுதினாய்.

உன்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். இனிமேல் கேட்கவில்லை. கேட்டால் என் தங்கச்சிக்கும் மறதி வந்துவிடும்.

பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அக்கா


பெரும்பாறை,
24.1.2006

என் அக்காவுக்கு,

இந்த முறை தாமதிக்கவில்லை. உன் கடிதம் நேற்று வந்தது. இன்று எழுதுகிறேன். அந்தப் பிள்ளை பிழைத்ததே போதும் அக்கா. நீயும் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள். அது உன்னைக் கணக்குக் கேட்கவில்லை.

எழிலுக்கு மூன்றாவது ஊசி போடவில்லை. முதல் நாள் நிரப்பிய படிவத்தில் மூன்றும் போட்டாச்சு என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டேன். முத்து முத்தான கையெழுத்தில் முதல் பொய் என்னுடையது. மறுநாள் மறுபடியும் கண் செருகிவிடுமோ என்ற பயம். ஒவ்வொரு புதன்கிழமையும் எனக்கு எங்கேயாவது தூரத்து வீடு ஒன்று கணக்கெடுக்க இருந்தது.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அவரிடம் சொன்னேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னா, ஊசியே வேணாம்னுருவீங்கன்னு."

"இப்ப மட்டும் போட்டியாக்கும்? நான் வேணாம்னு சொன்ன மாதிரிதான இருந்துருக்க." பிறகு எழிலைத் தூக்கி, அவள் கையை விரித்து விரித்துப் பார்த்தார். "ஏட்டி, அன்னிக்கு நீ ஒத்தையிலயா இருந்த?" என்றார். நான் அப்போதுதான் அழுதேன்.

இன்று காலையில் மேடத்திடம் போய், "அந்த இன்னொருத்தி நான்தான் மேடம்" என்றேன். படிவத்தை எடுக்கச் சொல்லித் திருத்தினேன். வேலை போய்விடும் என்று பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன்.

மேடம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்ச பொண்ணு. நம்ம டீமிலேயே இருக்கீங்க. உங்களுக்கே இதைச் சொல்ல நாலு மாசம் ஆகியிருக்கு. நர்ஸை நிக்க வச்சுக்கிட்டு, பேனாவ நீட்டுனா அவங்க எப்படிச் சொல்வாங்க?" என்றார். கோபம்தான். "பொய் டிக் தப்பு. அதையும் அறிக்கையில எழுதுவேன், உங்க பேர் இல்லாம. அறிக்கை கொஞ்சம் தள்ளிப் போகட்டும். நாளைல இருந்து அந்த முப்பத்தொரு பேரையும் திரும்பப் பாக்கணும். நிரையிலயே போய்ப் பாருங்க. நர்ஸ் வேணாம். கேள்வி ஒன்னே ஒன்னு. ஊசிக்கு மறுநாள் என்ன ஆகும்?"

எழிலைச் சோதித்தும் பார்த்தார். காய்ச்சல் ஏறும்போது சில பிள்ளைகளுக்கு அப்படி வருமாம். அதற்காக ஊசியை நிறுத்த வேண்டாம், காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து தருகிறேன், தானும் கூட இருக்கிறேன் என்றார். நான்கு மாதம் இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே திரிந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை பார்.

பயம் போகவில்லை. ஆனால் இப்போது ஒத்தையில் இல்லை.

உன் தங்கச்சி


கோத்தகிரி,
5.2.2006

பிரியாவுக்கு,

சுகம். உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பீடி குறைந்தது.

மடுவத்தில் ஜன்னலோரம் ஒரு பாயும் இரண்டு தொட்டிலும் தனியாகப் போட்டுவிட்டேன். ஊசி போட்ட மறுநாள் பிள்ளைகளுக்கு அந்த இடம். ஊசிச் சீட்டைக் காட்டினால் எடுத்துக்கொள்வேன். தொரைக்குச் சொல்லவில்லை, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். முதலில் வந்தது நான் திருப்பி அனுப்பியவளுடைய பிள்ளைதான், இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு. தாய் என் முகத்தைப் பார்த்தாள். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

வேறொன்றும் இல்லை. வேறொன்றும் கேட்கவும் இல்லை.

அக்கா


பெரும்பாறை,
19.2.2006, ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

ஒரு கையால்தான் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். இன்னொரு கையில் எழில். உன் ஜன்னலோரப் பாயைப் பற்றி மேடத்திடம் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டார்.

முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேருக்கு மறுநாள்தான் காரணம். மூன்று பேருக்குத் தூரம். இரண்டு பேருக்கு உண்மையாகவே மறதியாம். காலண்டர் அவர்களுக்கு ஆகும். மற்றவர்கள் வீட்டிலும் முருகன் சும்மா இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு மாதத்துக்குப் புதன்கிழமையை மாற்றிச் சனிக்கிழமை வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. சனி மத்தியானம் ஊசி, ஞாயிறு தோட்டம் லீவு, நிரை போகாது. "சனிக்கெழம எனக்கு ரிப்போர்ட் எழுதுற நாளு" என்று நர்ஸம்மா முறைத்தார். "உங்க ரிப்போர்ட்டுல எழுதத்தான் புள்ளைங்கள கூட்டியாறோம்" என்று வேலுத்தாய் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிரை என்பதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று மேடம் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நிரை என்றே எழுதி, கீழே நான்கு வரி விளக்கம் போட்டிருக்கிறோம்.

நேற்றுதான் முதல் சனிக்கிழமை. பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள்.

இன்று லயத்தில் நீ இருந்திருக்க வேண்டும் அக்கா. ஒரு வீடு பாக்கியில்லை, எல்லா வீட்டிலும் காய்ச்சல், எல்லா வீட்டிலும் அழுகை. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று தொடங்குகிறது. தாய்மார் எல்லாரும் வெயிலில் வாசலில் உட்கார்ந்து ஈரத்துணி நனைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "ஒம் மகளுக்கு எம்புட்டு?" "எம் மகனுக்கு இப்பதான் எறங்குது" என்று இங்கிருந்து அங்கே கத்துகிறார்கள். கங்காணி பொன்னுச்சாமி அந்தப் பக்கம் வந்தவர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

நீ கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில். எழிலுக்கு மூன்றாவது ஊசி போட்டாச்சு. ஒன்பது மாதம் ஆனதால் தட்டம்மை ஊசியும் சேர்த்துப் போட்டாச்சு. மேடம் பழனிக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே தங்கினார். காலையில் காய்ச்சல் நூற்றொன்று இருந்தது. எழிலின் அப்பா லோடுக்குப் போகாமல், அவள் கால்மாட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது மணி நாலு. போன தடவை இழுப்பு வந்தது மத்தியானம் இரண்டுக்கு. இரண்டு தாண்டிவிட்டது. அவளும் எல்லாரோடும் சேர்ந்து ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருக்கிறாள். நான் சமாதானம் செய்து நிறுத்தவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிரியா